கடவுச்சீட்டின் உச்சரிப்பு

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஒருவருக்கு என்ன வேண்டும்? ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னால் அது பாதிப் பதில்கூட இல்லை. அந்த நாட்டில் மொழி ஆசிரியர்களுக்கென்று இ-2 என்று ஒரு விசா இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா வேண்டுமென்றால் ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அடுத்து ஒரு பட்டம். என்ன பட்டம்? எதுவானாலும் சரி. கடல் உயிரியல், நாடகம், கணக்கியல், விளையாட்டு மேலாண்மை, எதுவும். கற்பித்தலில் பயிற்சி? இருந்தால் நல்லது. அனுபவம்? கட்டாயமில்லை. காவல்துறைச் சான்று, உடல்நலச் சான்று, பட்டத்தின்மேல் அப்போஸ்டில் முத்திரை. முடிந்தது. பட்டமளிப்பு விழா அங்கியைத் திருப்பிக் கொடுத்த கையோடு, 22 வயதில், ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆசிரியர் ஆகிவிடலாம்.

அந்தப் பட்டியலின் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தை முதல் மொழியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சூலு, கோசா, ஆஃப்ரிகான்ஸ் மூன்றும் அதற்கு மேலே நிற்கின்றன. வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசி, பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பிரிட்டோரியா இளைஞர் இந்த விசாவின் கண்ணுக்கு ஆங்கிலத் தாய்மொழியாளர். வீட்டில் தமிழ் பேசி, எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்த கோயம்புத்தூர் இளைஞர் வேற்றுமொழியாளர். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வந்த வழி ஒன்றுதான். சரி, ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாடுகள்? ஜமைக்கா பட்டியலில் இல்லை. பள்ளிக்கூடம் மொத்தத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் சிங்கப்பூரும் இல்லை. மொழியியல் தெரிந்தவர்கள் உட்கார்ந்து போட்ட பட்டியல் இல்லை இது. எந்தக் கடவுச்சீட்டுக்கு என்ன மதிப்பு என்பதைச் சொல்லும் விலைப்பட்டியல்.

இதைப் பாகுபாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இந்தியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனு எழுதிப் போடலாம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு திறமைக்குப் பிறப்பே போதுமான சான்று என்று ஒரு அரசாங்கம் அறிவிக்கும்போது, வெளியே நிற்பவருக்கு மட்டும் அவமானம் இல்லை, அந்தத் தொழிலுக்கும் அவமானம். இன்ன வயிற்றில் பிறந்தவருக்கு இன்ன தொழில் தானாகவே வரும் என்ற வாதம் நமக்குப் புதிதா என்ன? நூறு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த வாதத்தோடுதான். ஆனால் அதையே 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால், அதே சரக்கை மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறோம்.

*

சியோலுக்குத் தெற்கே ஒரு தொழில்நகரத்தில் மூன்று ஆண்டுகள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்த்தது அங்கேதான். கொரியாவில் தெருவுக்கு ஒரு ஹாக்வோன் இருக்கும். நம் ஊர் டியூஷன் சென்டரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளி முடிந்து பிள்ளைகள் நேராக அங்கே போவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் நடத்தக்கூடாது என்று சியோலில் விதி போட வேண்டிய அளவுக்கு அது பெரிய வியாபாரம். ஆங்கில ஹாக்வோன்களில் வெளிநாட்டு ஆசிரியர் என்பவர் கடைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகையும்கூட. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது அங்கே வழக்கம். எதற்கு என்று யாரும் விளக்குவதில்லை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினரும் கறுப்பின அமெரிக்கர்களும் அந்தப் புகைப்படத்திலேயே கழிக்கப்பட்ட அனுபவங்களை நிறையச் சொல்வார்கள். ஆக, கடவுச்சீட்டு முதல் வடிகட்டி, முகம் இரண்டாவது. ஆங்கிலம் அதற்குப் பிறகுதான்.

அங்கே நான் பழகிய இளம் ஆசிரியர்கள் நல்லவர்கள். பலர் தலையில் கல்விக்கடனோடு வந்தவர்கள். மாதம் சுமார் 20 முதல் 25 லட்சம் வோன் சம்பளம், தங்க ஒரு அறை, பல இடங்களில் விமானக் கட்டணமும் என்றால் எந்த 22 வயதுக்காரர் வேண்டாம் என்பார்? "முதல் நாள் காலையில புத்தகத்தைக் கையில கொடுத்து வகுப்பைக் காட்டினாங்க, அவ்வளவுதான்" என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே 12 குழந்தைகள். அவருக்குக் கொரிய மொழியில் ஒரு வாக்கியம் தெரியாது. ஆறு வயதுக் குழந்தைக்கு முன்னால் எப்படி நிற்பது என்பதும் தெரியாது. அவர் படித்தது விலங்கியல்.

இந்த ஆசிரியர்களும் தப்பிப்பதில்லை. கொரியச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். அதனால் 11-ஆவது மாதத்தில் ஏதோ ஒரு காரணம் சொல்லி அனுப்பிவிடும் ஹாக்வோன்கள் உண்டு. வெளிநாட்டு ஆசிரியர்களிடையே அது பழகிப்போன பயம். பயிற்சி தேவையில்லாத ஆள் என்றால், போனால் இன்னொருவர் கிடைப்பார் என்றுதான் அர்த்தம். தகுதி கேட்காத முதலாளி மரியாதையும் தரமாட்டார்.

எல்லா நாடுகளும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பான் 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டமும் புதுப் பட்டதாரிகளைத்தான் அழைக்கிறது, அதிலும் எந்தப் பட்டமும் போதும். ஓராண்டு ஒப்பந்தம், அதிகபட்சம் ஐந்தாண்டு. ஆனால் வருபவருக்கு அங்கே 'உதவி மொழி ஆசிரியர்' என்றுதான் பெயர். வகுப்பில் பயிற்சி பெற்ற ஜப்பானிய ஆசிரியர் இருப்பார். நீ ஆசிரியர் இல்லை, உதவியாள் என்று சொல்லிக் கூப்பிடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஜெட்டுக்கு வெளியே, அந்நாட்டில் மொழி கற்பிக்கும் விசாவுக்கான விதி, கற்பிக்கப்போகும் மொழியின் வழியாக 12 ஆண்டுகள் படித்திருக்கிறாயா என்று கேட்கிறது. குறைகள் உள்ள விதிதான். இருந்தாலும் அது ஒரு மனிதரின் படிப்பைப் பற்றிய கேள்வி. நம் கோயம்புத்தூர் இளைஞரால் அதற்கு ஆமாம் என்று சொல்ல முடியும்.

*

இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிக் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று நடந்தது. பிரிட்டிஷ் கொடி இறங்கிக்கொண்டிருந்த காலம். அடுத்த ஆண்டு உகாண்டாவும் விடுதலை பெற்றுவிட்டது. ஆட்சி போகலாம், ஆசிரியர் போகக்கூடாது என்ற கவலை இயல்பானதுதானே. அந்த மாநாட்டின் சிந்தனையிலிருந்து ஐந்து கொள்கைகளைப் பிரித்தெடுத்துக் காட்டினார் ராபர்ட் பிலிப்சன், 1992-இல் வெளிவந்த 'லிங்குவிஸ்டிக் இம்பீரியலிசம்' நூலில். ஆங்கிலத்தைக் கற்பிக்கச் சிறந்தவர் அதன் தாய்மொழியாளரே என்பது அவற்றில் ஒன்று. ஐந்தையும் அவர் மூடநம்பிக்கைகளாகவே வகைப்படுத்தினார்.

பிலிப்சன் வெளியிலிருந்து சொன்னதை உள்ளேயிருந்து சொன்னவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா. போர்க்கால யாழ்ப்பாணத்து வகுப்பறைகளை வைத்து அவர் எழுதிய நூல் 1999-இல் வந்தது. அதே காலத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் தொழிலின் அபத்தத்தைத் தொட்டுக் காட்டியது: உலகெங்கிலுமிருந்து வரும் மாணவர்களுக்கு மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியைத் தருகின்றன, கட்டணமும் வாங்கிக்கொள்கின்றன. பயிற்சி முடிந்ததும் இவர்கள் அந்த வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று தொழில் சொல்கிறது. நம் இலக்கியப் பத்திரிகைகளில் கனகராஜாவின் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் ஆளை நமக்கே இன்னொருவர் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேசச் சங்கமான டீசால், தாய்மொழி அல்லாதவர்களுக்கு எதிரான பாகுபாடு தவறு என்று 2006-இல் அறிக்கையே வெளியிட்டது. தொழிலின் தலைமைச் சங்கமே சொல்லியாயிற்று. விசா விதி அசையவில்லை.

*

எதிர்வாதங்கள் உண்டு. நான் கேட்டவரை முக்கியமானவை மூன்று.

முதலாவது, உச்சரிப்பு. குழந்தை 'சரியான' உச்சரிப்பைக் கேட்டு வளர வேண்டாமா? எந்தச் சரி? கிளாஸ்கோவா, டெக்சாஸா, ஜோகன்னஸ்பர்க்கா? ஏழு நாடுகளுக்குள்ளேயே ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரிவதில்லை. எங்கள் குழுவின் தினசரி அழைப்பில் கொரியா, வியட்நாம், பெங்களூரு, டெக்சாஸ் நான்கும் இருக்கும். கொரியரும் வியட்நாமியரும் பேசினால் எல்லோருக்கும் புரியும். டெக்சாஸ்காரர் பேசி முடித்ததும் கொரியச் சகா என் பக்கம் திரும்பி, "இப்ப அவர் என்ன சொன்னார்?" என்று மெதுவாகக் கேட்பார். பேஸ்பால் தெரியாதவனுக்கு 'பால்பார்க்' என்றால் உத்தேசக் கணக்கு என்று எப்படித் தெரியும்? இன்னொரு வேடிக்கை: ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போது விவாதிப்போம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். இருவருமே 'தாய்மொழியாளர்கள்'. அந்தக் கொரியப் பிள்ளை வளர்ந்து ஹனோயிலும் சென்னையிலும் இருக்கும் ஆட்களிடம்தான் ஆங்கிலம் பேசப்போகிறது. அதற்குத் தேவையான பழக்கத்தை டெக்சாஸ் மட்டும் தர முடியாது.

மொழியைக் கற்றுக்கொடுப்பதற்கு அதைக் கற்றுக்கொண்ட அனுபவம் பெரிய முதலீடு. கொரியரும் தமிழரும் காபியைக் குடிப்பதற்கு முன் அதன் 'எஃப்'பைப் 'ப' ஆக்கிவிடுகிறோம். அவர்களுக்கு அது 'கோப்பி', நமக்குக் 'காபி'. இரண்டு மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும் 'இன்', 'டு' வகையறாவெல்லாம் நம் இரு மொழிகளிலும் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டும். 'எ', 'த' என்ற இரண்டு குட்டிச் சொற்களை எங்கே போடுவது என்று அவர்களும் திணறுகிறார்கள், நாமும் திணறினோம். அப்பா, அம்மா என்று கொரியாவிலும் சொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புல்லரித்துக்கொள்கிறோமே, அதைவிட உபயோகமான ஒற்றுமை இது. ஒரு கொரியக் குழந்தை வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளினால், ஏன் தள்ளுகிறது என்று மதுரைக்காரருக்கு உடனே தெரியும். விலங்கியல் படித்த அமெரிக்கருக்கு அது தப்பு என்று மட்டும் தெரியும். மூச்சு விடுபவரெல்லாம் நுரையீரல் மருத்துவர் ஆகிவிட முடியாது.

இரண்டாவது வாதம்: பெற்றோர்கள் கேட்கிறார்கள், சந்தை அப்படி. கேட்கிறார்கள், உண்மைதான். நம் ஊரில் சிவப்பழகு கிரீமையும் கேட்டுத்தான் வாங்கினார்கள். வாடிக்கையாளரின் ஆசை இருப்பதாலேயே அது நியாயமாகிவிடாது. மேலும் இது வெறும் சந்தை இல்லை. அரசு விசா விதியாக எழுதி வைத்துவிட்ட ஆசை. சட்டமே ஏழு நாடுகளைத்தான் காட்டுகிறது என்றால் பெற்றோர் வேறு யாரைப் பார்த்து, ஒப்பிட்டு, மனம் மாறுவார்கள்?

மூன்றாவது: இது கல்வியே இல்லை, பண்பாட்டுப் பரிமாற்றம், இளைஞர்கள் உலகம் பார்க்கட்டுமே. பார்க்கட்டும். எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் உலகம் பார்க்கும் செலவை ஏன் பிறர் பிள்ளையின் வகுப்பு நேரத்திலிருந்து எடுக்க வேண்டும்? ஆண்டுக்கு ஒரு புதிய முகம் வந்து 'ஹலோ, ஹவ் ஆர் யூ' என்று தொடங்கிவைக்கும் வகுப்பில் ஐந்தாண்டு படிக்கும் குழந்தை, ஐந்து முறை ஒன்றாம் வகுப்பு படிக்கிறது.

*

இப்போது நம் பக்கம் வருவோம். இந்த ஏணியில் நாம் எங்கே நிற்கிறோம்?

பிறப்பு வழித் தகுதி எங்கே இருந்தாலும் அது ஒற்றைச் சுவராக இருப்பதில்லை. படிப்படியாக இறங்கும். அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. தாய்லாந்துப் பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் ஏராளம். கல்வியியல் பட்டத்தோடு வந்து, பட்டம் மட்டும் வைத்திருக்கும் வெள்ளைக்காரரின் பக்கத்து வகுப்பில், அவரைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கற்பிப்பவர்கள் அவர்களில் பலர். இணையவழியில் ஜப்பானியருக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் பெரிய வியாபாரமும் பிலிப்பைன்ஸ்காரர்களின் மலிவான உழைப்பில்தான் எழுந்தது. ஆக, வேலைக்கு அவர்களின் ஆங்கிலம் போதும். சம்பளத்துக்குத்தான் போதாது.

இந்தியருக்கு? 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய சீபா ஒப்பந்தம் நமக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஆங்கில உதவி ஆசிரியராக இந்தியர் போகலாம். ஆனால் பட்டத்தோடு ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். ஏழு நாட்டார் எதைப் படித்திருந்தாலும் போதும், நாம் ஆசிரியராகவே படித்திருக்க வேண்டும். இந்த நிபந்தனை எனக்குச் சரி என்றே படுகிறது. ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் படிப்பைக் கேட்பதில் என்ன தவறு? அது ஒரு நாட்டுக்காரரிடம் மட்டும் கேட்கப்படுவதுதான் தவறு.

ஆனால் நாமே நம்மை எப்படி நடத்துகிறோம்? நம் கால் சென்டர் உலகத்தில் 'எம்.டி.ஐ.' என்று ஒரு சொல் உண்டு. தாய்மொழியின் தாக்கம் என்பதன் சுருக்கம். "அந்தப் பையனுக்கு எம்.டி.ஐ. ஜாஸ்தி" என்று, சர்க்கரை ஜாஸ்தி என்பதுபோலவே சொல்வார்கள். தாய்மொழி ஒரு நோய், பயிற்சி அதற்கு மருந்து. பள்ளி விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தைகளை எந்த ஊரில் எடுத்துப் படம் போட்டார்கள்? கொரியப் பெற்றோர் வெள்ளை முகத்தைத் தேடுகிறார்கள் என்று குறை சொல்லும் நம் வாய், நம் ஊர் பலகைக்கு முன்னால் ஏன் மூடிக்கொள்கிறது?

இன்னொன்று இதைவிட ஆழமானது. ஆசிரியர் வேலையை இடைக்கால வேலையாக நினைக்கும் வியாதி மேலைநாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. என் தலைமுறையில் பி.இ. முடித்து கேம்பஸில் வேலை கிடைக்காதவர்களுக்கு வீட்டில் சொன்ன ஆறுதல் என்ன? "வேலை கிடைக்கிற வரைக்கும் ஏதாவது காலேஜ்ல லெக்சரரா இரு." நேற்றுவரை கடைசி பெஞ்சில் இருந்தவர் இன்று கரும்பலகை முன்னால். சொற்பச் சம்பளம், ஆறு மாதம், பிறகு ஐ.டி. கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்ததும் பாதிப் பாடத்தில் கிளம்பிவிடுவார். அவரிடம் படித்தவர்கள் எதைக் கற்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அமெரிக்க இளைஞர் சியோலுக்குப் போய்ச் செய்வதை நாம் நாமக்கல்லிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்தோம். விமான டிக்கெட் மட்டும்தான் இல்லை.

வெளிநாட்டில் குறுகிய கால ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்குமா என்று புதுப் பட்டதாரிகள் என்னிடம் கேட்பதுண்டு. "அண்ணா, இங்கிலீஷ் நல்லா வரும். ஒரு வருஷம் போயிட்டு வந்தா ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு." இந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் முன்வாசல் மூடியிருக்கும் இடத்தில்தான் ஏஜென்ட் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பார். அப்படிச் சொல்பவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதே என்பதுதான் என் முதல் பதில். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, மீட்கப்பட்டு வந்தார்கள். அது ஆங்கில ஆசிரியர் வேலை இல்லை. ஆனால் ஏஜென்ட் பேசும் பேச்சு அதே பேச்சு.

இரண்டாவது பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆசிரியராக விருப்பமிருந்தால் முதலில் ஆசிரியராகப் படி. கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சி முழுநேரமாக நான்கு வாரம், அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் பாடம் நடத்தியாக வேண்டும். அதுவே மிகக் குறைவு. அந்தக் குறைந்தபட்சம்கூட இல்லாமல் இன்னொருவர் பிள்ளையின் முன் போய் நிற்காதே. அமெரிக்கர் நிற்கிறாரே என்றால், அவர் நிற்பதும் தவறுதான். அவருடைய தவறில் நமக்கும் பங்கு கேட்பது உரிமைப் போராட்டம் ஆகாது.

நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பட்டியலில் எட்டாவதாக இந்தியாவைச் சேர்த்துவிட்டால் அநியாயம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சேர்த்தால் என்ன ஆகும்? எட்டாவது படியில் நாம் ஏறி நின்று, ஒன்பதாவது படியில் நிற்கும் நேபாளியையும் பிலிப்பைன்ஸ்காரரையும் குனிந்து பார்ப்போம். 'எங்க இங்கிலீஷ் அவங்களைவிட பெட்டர்' என்று சொல்லவும் ஆரம்பிப்போம். சாதியில் நாம் செய்யாததா?

கேட்க வேண்டியது எளிமையானது. கடவுச்சீட்டைப் பையில் வை. உள்ளே வா. பத்து குழந்தைகள், 20 நிமிடம், ஒரு பாடம். கற்றுக்கொடுத்துக் காட்டு. பிறகு அந்தக் குழந்தைகளிடம் என்ன புரிந்தது என்று கேட்போம். ஏழு நாட்டாருக்கும் அதே தேர்வு, எழுபது நாட்டாருக்கும் அதே தேர்வு, தேறியவருக்கு அதே சம்பளம். இதில் கொலராடோ இளைஞரும் தோற்கலாம், கோயம்புத்தூர் இளைஞரும் தோற்கலாம். யார் தோற்றாலும் அந்தப் பத்துக் குழந்தைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தேர்வை முதலில் நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் தொடங்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.